அரண்மனை ஓட்டிய கார்

தில்லைநாயகி அக்காவுக்கு மரியாதை தெரியாது என்பதில் மட்டும் சுவிஸின் கூர் நகரில் இருந்த தமிழர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்தார்கள்.

ஊரிலும் அவருக்கு அதே பெயர்தானாம். பருத்தித்துறைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் நீண்ட காலம் விற்பனையாளராக இருந்தவர். சீனிக்கும் மாவுக்கும் சனம் வெயிலில் நின்ற நாட்களில் ஊரின் அரசாங்க அதிகாரியான விதானையார் பின்கதவால் வந்து கூப்பனை நீட்ட, "வரிசை முன்பக்கம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார். இதை அவர் வீரக்கதையாகச் சொல்லவில்லை. "அந்தாளுக்கு வாய் மணக்கும். கிட்ட நிண்டு கதைச்சா ஆர் பொறுக்கிறது?" என்றுதான் சொன்னார்.

அவரை நல்லவர் என்று நிறுவ நான் இதை எழுதவில்லை. நாங்கள் இருவரும் வேலை செய்த ஹோட்டலின் ஊழியர் சாப்பாட்டறையில் கேக் வைத்தால் பெரிய துண்டு அவருக்குத்தான். புதிதாக வந்த போர்த்துக்கேயப் பெண்களைத் தமிழில் ஏசுவார். அவர்கள் ஏதோ வாழ்த்து என்று நினைத்துச் சிரிப்பார்கள். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "பட்டதாரி, உந்தக் கூடையைத் தூக்கு."

நான் பட்டதாரிதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல். எங்கள் வீட்டில் எனக்கு முதல் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அந்தப் பட்டத்தோடு சுவிஸுக்கு வந்து, கூரிலிருந்து சிவப்பு ரயில் ஏறிப் போகும் ஒரு மலைக்கிராமத்து ஹோட்டலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா அதே ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார். அகதித் தஞ்சம் கேட்டுப் போட்ட இரண்டு பேருடைய அசூல் வழக்கும் முடியவில்லை. தமிழர்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு கிழமைக்கொரு முறை புதிதாகக் கிளம்பிய காலம் அது.

1987 தை மாதம், ஹோட்டல் முதலாளி எங்கள் எல்லோரையும் சாப்பாட்டறைக்கு அழைத்தார். ஷெஃப் என்றுதான் அவரைச் சொல்வோம்; ஜெர்மனில் முதலாளிக்கு அதுதான் சொல். ஒரு முக்கிய விருந்தினர் வருகிறார் என்றார். அவர் வருவதும் தங்குவதும் போவதும் யாருக்கும் தெரியக்கூடாது. கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசக்கூடாது. அதற்கு எல்லோரும் ஒப்பமிட வேண்டும். இவ்வளவு இரகசியத்தையும் அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது கிராமத்துப் பேக்கரிக் கண்ணாடிக்குள் கிரீடம் வைத்த கேக் ஒன்று ஏற்கெனவே ஏறியிருந்தது. வருகிறவர் வடகடலோரத்துச் சின்ன இராச்சியம் ஒன்றின் இளவரசர்.

"பட்டதாரி, உவையோ அந்த நாட்டை ஆளுகினம்?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை அக்கா. ஆளுறது பாராளுமன்றம். அரசர் சட்டங்களுக்குக் கையெழுத்து வைப்பார்."

"வைக்கமாட்டன் எண்டு சொல்லலாமோ?"

"சொல்லேலாது."

"அப்ப ரப்பர் முத்திரை."

"அப்பிடி இல்லை. அவர் நாட்டின்ரை சின்னம்."

"சின்னமோ? எலெக்சன் நேரம் யானை, கை, உதயசூரியன் எண்டு ஒட்டுறமே, அப்பிடியோ?"

"அரசர் பிழை விடமாட்டார் அக்கா. சட்டமே அப்பிடித்தான். எது நடந்தாலும் ஒரு மந்திரி பொறுப்பெடுப்பார். அதுதான் அதின்ரை வடிவு."

"பிழை விடாதது பொம்மைதான்" என்று சொல்லிவிட்டு அவர் என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை எடுத்துச் சாப்பிட்டார்.

'அதுதான் அதன் அழகு' என்பது என் இறுதியாண்டுப் பரீட்சை விடையில் நான் எழுதிய வசனம். அதை எழுதியபோது அரசர்களை நான் புத்தக அட்டையில்தான் கண்டிருந்தேன்.

இளவரசர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். பனியில் சறுக்குவார், சாப்பிடுவார், கதவுகளைத் தானாகத் திறக்கமாட்டார். மேல்மாடி முழுவதும் அவருக்கு. வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு துவாய்களை நிலத்தில் போட்டுவிட்டு அவற்றின்மேல் நடந்து போவார் என்று அக்கா சொன்னார். "சின்னம் நடந்துபோன துவாய் வருது, விலகு" என்று கூடையைத் தள்ளிக்கொண்டு வருவார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு பின்னேரம், ஊழியர் விடுதியிலிருந்து ஹோட்டலுக்கு இறங்கும் வளைவுப் பாதையில் அக்காவை ஒரு கார் அடித்தது. வலதுகால் இரண்டு இடத்தில் முறிந்தது. கூரில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் நான் போனபோது கால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"நான் ஓரத்திலைதான் வந்தனான். கார் பனியிலை வழுக்கிக்கொண்டு வந்தது. ஓட்டினவன் அவன்தான். துவாய்க்காரன். அடிச்சுப்போட்டு இறங்கி வந்தவன். முகம் வெளிறிப்போய் நிண்டு பாக்கிறான். நான் கிடந்து கத்துறன். அப்ப மற்றவன், அந்த மெய்க்காப்பாளன், இவனைத் தோளிலை பிடிச்சுக் கொண்டுபோய் மற்றப் பக்கக் கதவாலை ஏத்தினான். முதல்நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளையை வாங்கிலை இருத்துற மாதிரி. பேந்து தான் ஓட்டுற சீற்றிலை ஏறி இருந்திட்டுத்தான் கார் போனிலை அம்புலன்சைக் கூப்பிட்டவன்."

பொலிஸ் எழுதியது வேறு. கார் ஓட்டியது மெய்க்காப்பாளர். பாதசாரி கவனமில்லாமல் நடுவீதிக்குள் இறங்கினார். இளவரசர் காரில் இருந்தாரா என்ற கேள்வியே அதில் இல்லை.

"நடுவீதியிலை நடந்தனானாம். விசரியெண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள்" என்றார் அக்கா. "தம்பி, ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸ் பாக்குது. எனக்கு அவன்ரை காசு ஒண்டும் வேண்டாம். நான்தான் ஓட்டினனான் எண்டு அவன் சொல்லவேணும். அவ்வளவுதான்."

அவர் என்னைத் தம்பி என்று அழைத்தது அதுவே முதல் தடவை. நான் பொலிஸுக்குப் போனேன். என் அரைகுறை ஜெர்மனைப் பொறுமையோடு கேட்ட அதிகாரி, இது நட்பு நாடொன்றின் அரச குடும்பம் சம்பந்தப்பட்டது, மேலே அனுப்பியாகிவிட்டது, தன்னால் எதையும் சொல்ல முடியாது என்றார். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். அதையும் சொல்ல முடியாது என்றார்.

ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை செய்த திரேசாவுக்கு அந்த இராச்சியத்தின் மொழி தெரியும். விருந்தினர்கள் விட்டுப்போன பத்திரிகைகளை அவள் எனக்கு வாசித்துச் சொன்னாள். பனிமலையில் ஏதோ விபத்தாமே என்று அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் கேட்டிருந்தார். அரச குடும்பத்தின் நடத்தை பற்றிச் சபையில் கேள்வி எழுப்ப முடியாது என்று சபாநாயகர் நிறுத்திவிட்டார். அமைச்சரோ, சம்பவம் நடந்தது வெளிநாட்டில், அந்த நாடுதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். தனிப்பட்ட விடுமுறைகளைப் பற்றிக் கருத்துத் தெரிவிப்பதில்லை என்று அரண்மனை அறிவித்தது. சுவிஸ் பொலிஸ் அது அந்த நாட்டு விஷயம் என்கிறது. பொறுப்பெடுக்க வேண்டிய மந்திரியைத் தேடி நான் அந்தப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கம்வரை போனேன். கடைசிப் பக்கத்தில் இளவரசர் இருந்தார், ஒரு குதிரைக்குட்டியைத் தடவிக்கொண்டு.

இந்த நிலையில்தான் அரண்மனைச் செயலாளர் ஒருவர் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று ஷெஃப் மூலம் செய்தி வந்தது. செய்தி என்னிடமிருந்து கூரில் இருந்த எங்கள் தமிழ் மன்றத்துக்குப் போனது. அத்தோடு விஷயம் அக்காவின் கையை விட்டுப் போய்விட்டது.

மன்றத் தலைவர் இராஜசிங்கம் அண்ணை ஊரில் மாவட்ட அரசாங்கச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். அரசாங்க அதிபர்களும் மந்திரிகளும் வரும்போது யார் எங்கே நிற்பது, எது முதல், எது பிறகு என்பதெல்லாம் அவருக்கு மந்திரம்போலப் பாடம். முதலில் மாலை. பிறகு பொன்னாடை. பிறகு வாழ்த்துப்பா. பெரியவர் குளிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் மகஜர் என்ற கோரிக்கை மனு. எந்தக் காரியத்துக்கும் இதுதான் முறை. துப்பாக்கிச் சன்னங்கள் துளைத்த வீட்டுக்காரர்கூட, சுட்டவனின் மந்திரிக்கு முதலில் மாலை போட்டுவிட்டுத்தான் மகஜரை நீட்டியிருக்கிறார்.

"அண்ணை, அடிச்சது அவையள். அவையளுக்கோ பொன்னாடை?" என்று கேட்டேன்.

"உனக்கு விளங்காது. வெறுங்கையோட நிண்டு கேட்டா ஆர் தருவினம்? எங்கடை அகதி விசயத்துக்கு உவையள் ஒரு சொல்லுச் சொன்னா சுவிஸ் கேக்கும். ராசகுடும்பமெல்லே! தில்லையின்ரை கால் முறிஞ்சது எங்களுக்கு ஒரு கதவு திறந்த மாதிரி."

"கதவு திறந்தது அவவின்ரை காலிலையோ?"

"படிச்சனி எண்ட திமிரிலை கதையாதை. நீ தனிக்கட்டை, உன்னைத் திருப்பி அனுப்பினா நீ மட்டும்தான் போவாய். எனக்கு மூண்டு குஞ்சுகள்."

இராஜசிங்கம் அண்ணையை இகழ்வது எனக்கு எப்போதும் மிகச் சுலபமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக வருவதால், அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வெறும் சொகுசு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் இகழ்ந்தேன். மகஜரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். கார் ஓட்டியவர் யார் என்பதை அரண்மனை அறிவிக்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைத்தேன். அண்ணை அதைக் கடைசிக்கு மாற்றினார்.

கூரில் பொன்னாடைக்கு எங்கே போவது? மலிவு விற்பனையில் ஒரு பொன்னிறத் திரைச்சீலை வாங்கினார்கள். மேல் ஓரத்தில் கம்பியில் கோர்க்கும் துளைகள் இருந்தன. அண்ணையின் மனைவி அந்த ஓரத்தை வெட்டி மடித்துத் தைத்தார். ஒரு துளை தப்பிவிட்டது.

செயலாளர் உயரமான, சாம்பல்நிற மனிதர். கூடவே ஷெஃப், ஒரு படப்பிடிப்பாளர், பெரிய பூங்கொத்து. மன்றத்தார் சுவரோரம் கோட்டு சூட்டோடு நின்றார்கள். செயலாளர் கட்டிலருகே வந்து, அரண்மனையின் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"கேள் தம்பி, கார் ஓட்டினது ஆர்?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். சுவரோரம் யாரோ இருமினார்கள். அரண்மனை அதுபற்றிக் கருத்துத் தெரிவிப்பதில்லை என்றார் செயலாளர்.

"அப்ப உவர் என்னத்துக்கு வந்தவர்?"

"அனுதாபம் தெரிவிக்க எண்டு சொல்லுறார் அக்கா."

"ஆற்றை அனுதாபம்?"

"அரண்மனையின்ரை."

"அரண்மனையோ கார் ஓட்டினது? அரண்மனைக்கு லைசென்ஸ் இருக்கோ எண்டு கேள்."

அதையும் கேட்டேன். செயலாளர் என்னைப் பார்த்தார். வெறுப்பில்லாமல், பழுதான ஒரு கருவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்த இடைவெளியில் இராஜசிங்கம் அண்ணை பாய்ந்து வந்தார்.

"தில்லை, வாயை மூடுங்கோ, காரியம் கெடப்போகுது!" என்று தமிழிலும் "எக்ஸலன்ஸி!" என்று ஆங்கிலத்திலும் சொல்லி, திரைச்சீலையை விரித்துச் செயலாளரின் தோளில் போர்த்தினார். தப்பிய துளை இடது தோளில் பதக்கம்போல உட்கார்ந்தது. அண்ணை வாழ்த்துப்பாவை எடுத்தார். தானே இயற்றியது. அதில் செங்கோல் வந்தது, வெண்கொற்றக்குடை வந்தது, மனுநீதியும் வந்தது. மன்றத்தார் கைதட்டினார்கள். படப்பிடிப்பாளர் கட்டிலின் தலைப்பக்கம் போய் நின்று, அக்காவும் பூங்கொத்தும் பொன்னாடையும் ஒன்றாக விழும்படி படம் எடுத்தார்.

அக்கா ஏதோ சொன்னார். அதை நான் இங்கே எழுத முடியாது. அங்கேயும் மொழிபெயர்க்க முடியவில்லை. செயலாளர் அதற்குத் தலைகுனிந்து நன்றி சொன்னார். மணிக்கூட்டைப் பார்த்தார். போய்விட்டார். அண்ணை மகஜரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில் கார்க் கதவு மூடப்பட்ட பிறகு, கண்ணாடிக்கு வெளியே அதை ஆட்டிக் காட்டினார். செயலாளர் அதை இன்னொரு வாழ்த்து என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கையசைத்தார்.

இரண்டு கிழமையில் திரேசா அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். விபத்தில் சிக்கிய அகதிப் பெண்ணை அரண்மனை மறக்கவில்லை என்றும், நெகிழ்ந்துபோன அவளுடைய சமூகம் தன் மரபுப்படி அரண்மனையைக் கௌரவித்தது என்றும் போட்டிருந்தார்கள். பொய் என்று ஒரு சொல்லைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. பாராளுமன்றத்தில் கேள்வி கேட்ட உறுப்பினரை அந்தப் பத்திரிகை கேலி செய்திருந்தது: பாதிக்கப்பட்டவளின் சமூகமே பொன்னாடை போர்த்தும்போது இவருக்கு என்ன குறை? மறைப்பதற்கு அரண்மனை பெரிதாகப் பாடுபடவில்லை. மூடும் துணியை நாங்களே வாங்கி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தோம்.

பொலிஸ்காரர் அதே படத்தைக் காட்டித்தான் அக்காவிடம் வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டார். ஓட்டியவர் மெய்க்காப்பாளர் என்று அதில் இருந்தது. சமாதானமாகத்தானே போயிருக்கிறீர்கள் என்றார். இராஜசிங்கம் அண்ணையும் வந்து, "வைச்சு விடுங்கோ தில்லை, அசூல்காரர் உதையும் பாப்பினம்" என்றார்.

"பாக்கட்டும்" என்றார் அக்கா. "நான் கண்ணாலை கண்டது. எனக்குக் கால்தான் முறிஞ்சது, கண் அவியேல்லை."

கையெழுத்து வைக்கவில்லை. வைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று பொலிஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். வழக்கை மூடுவதற்கு அது தேவைப்படவில்லை.

படத்தை இராஜசிங்கம் அண்ணை கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார். அகதிகளுக்காக அரண்மனை யாரிடமும் எந்தச் சொல்லும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கோடையில் அக்கா நொண்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். சலவை மெஷினுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டுக்கொண்டார்.

அடுத்த மாரியில், பனி தொடங்கியதும், மறுபடியும் ஷெஃப் எங்களைச் சாப்பாட்டறைக்கு அழைத்தார். மறுபடியும் இரகசியம். மறுபடியும் பேக்கரியில் கிரீடம். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கிழமை சம்பளத்தோடு ஓய்வெடுக்கச் சொன்னார். அக்கா தனக்குக் களைப்பில்லை என்றார்.

அந்த நாட்களில் அவர் திரேசாவோடு அடிக்கடி நின்று கதைப்பதைக் கண்டேன். இரண்டு வருடமாக ஜெர்மன் படிக்க மறுத்தவர். என்ன கதை என்று கேட்டதற்கு, "பட்டதாரியளுக்குச் சொல்லுறதில்லை" என்றார்.

இளவரசர் வந்த அன்று சாமான் தூக்க ஆள் காணாமல் என்னையும் முன்மண்டபத்துக்கு அனுப்பினார்கள். விருந்தினர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இளவரசர் நண்பர்களோடு சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். அதே மெய்க்காப்பாளர் இரண்டடி பின்னால். ஊழியர் கதவு திறந்தது. அக்கா சலவை உடுப்போடு, நொண்டிக்கொண்டு, மண்டபத்தின் நடுவால் வந்து அவருக்கு எதிரே நின்றார். தலைகுனியவில்லை. விலகவுமில்லை.

"நீங்கள்தான் ஓட்டினீர்கள்" என்றார், ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக, இலக்கணம் பிசகாமல்.

இளவரசர் அவருடைய காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பக்கத்தில் பெட்டியோடு நின்ற எனக்குக் கேட்டது.

"ஆம்" என்றார்.

மிக மெதுவாக. கோப்பிக் கோப்பை வைக்கும் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மெய்க்காப்பாளர் கூரையில் தொங்கிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லௌட்டர்" என்றார் அக்கா. சத்தமாகச் சொல்லுங்கள். மண்டபம் திரும்பிப் பார்த்தது. "லௌட்டர், பிட்டே." தயவுசெய்து.

இளவரசர் மெய்க்காப்பாளரைத் திரும்பிப் பார்த்தார், கூட்டத்தில் தாயைத் தேடும் பிள்ளைபோல. மெய்க்காப்பாளர் அவர் தோளைப் பிடித்து லிப்டுக்குள் கொண்டுபோனார். கதவு மூடுவதற்குள் இளவரசருக்குத் தன் தொழில் நினைவுக்கு வந்துவிட்டது. கோப்பி குடித்தவர்களைப் பார்த்துப் புன்னகைத்து, கையை அளவாக அசைத்தார். சிலர் எழுந்து நின்றார்கள்.

அன்று மாலைக்குள் அக்காவுக்கு வேலை போனது. விருந்தினரைப் பற்றிப் பேசமாட்டேன் என்று ஒப்பமிட்டதை மீறினாராம். நான் விருந்தினரைப் பற்றி யாரோடும் கதைக்கவில்லை, விருந்தினரோடுதான் கதைத்தேன் என்று அவர் என்னைக் கொண்டு சொல்வித்தார். ஷெஃப் அதை ரசிக்கவில்லை. ஓல்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை கிடைக்கும் என்று திரேசா ஒரு விலாசம் கொடுத்தாள்.

மறுநாள் ரயில் நிலையத்துக்கு நான் கூடப் போனேன். வழியெல்லாம் அவர் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார். எனக்கோ உள்ளே ஒரு பரவசம். ஒரு முடியாட்சி வாய் திறந்ததை நேரில் கேட்ட ஒரே அரசறிவியல் மாணவன் நான் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

"கடைசியிலை அவன் வாயாலை ஓமெண்டு சொல்லிப்போட்டானே அக்கா" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். விதானையாரும் ஒருகாலத்தில் அந்தப் பார்வையைத்தான் வாங்கியிருப்பார்.

"ஆருக்குச் சொன்னவன்?" என்றார். "எனக்கு அது முந்தியே தெரியும்."

ரயில் வந்தது. காலைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினார்.